நமீபியா லாரி ட்ரிப் 12 நாள்: புக் பண்றதுக்கு முன்னாடி செஸ்ரீம் கேட் பத்தி கேளுங்க

போன ஜூலைல நானும் தங்கச்சியும் கேப் டவுன்ல இருந்து விண்ட்ஹூக் வரைக்கும் 12 நாள் ஓவர்லேண்ட் கேம்பிங் ட்ரிப் போயிட்டு வந்தோம். எப்படி இருந்துச்சு, போலாமான்னு ஆளாளுக்கு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு இங்கயே முழுசா எழுதிடறேன். கம்பெனி பேரு போடல, ஏன்னா இதே ரூட்ல இதே மாதிரி லாரி ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, நான் சொல்றத யார்கிட்ட புக் பண்ணாலும் கேட்டுத்தான் ஆகணும்.

முதல்ல வண்டி. பஸ்னு நினைச்சுட்டு போகாதீங்க, இது லாரி சேஸிஸ் மேல கேபின் கட்டினது. 24 சீட், பெரிய ஜன்னல், ஆளுக்கு ஒரு லாக்கர், வெளிப்பக்கம் கதவத் திறந்தா கேஸ் அடுப்பு, டேபிள், பாத்திரம்னு ஒரு முழு சமையக்கட்டு இறங்கும். லாக்கர் சின்னது, சக்கரம் வச்ச பெட்டி உள்ள போகவே போகாது, துணிப்பைதான் சரி. ஒருத்தர் பெரிய பெட்டியோட வந்து 12 நாளும் அத காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, பாவமா இருந்துச்சு. ஏசி கிடையாது. ஆரஞ்ச் ரிவர்தான் பார்டர், அதத் தாண்டி நமீபியாக்குள்ள போனதும் கொஞ்ச தூரத்துல தார் ரோடு முடிஞ்சு கிராவல் ரோடு ஆரம்பிச்சுடும், வரி வரியா மேடு பள்ளமா இருக்கும், ஜன்னல மூடினா வேக்காடு, திறந்தா புழுதி, சாயங்காலம் தலைல கை வச்சா மண்ணு கொட்டும். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் வண்டியிலயே போன நாளும் இருக்கு. முதுகு வலி உள்ளவங்க இத நல்லா யோசிச்சுக்கோங்க.

வேலை எல்லாம் நாமதான் செய்யணும். டென்ட் போடறது, பிரிக்கிறது, காய் நறுக்குறது, பாத்திரம் கழுவுறது, லாரி கூட்டுறது, எல்லாத்துக்கும் முறை போட்டு ஒரு அட்டை லாரிக்குள்ள ஒட்டியிருப்பாங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பாத்திரம் கழுவுற விதம். சோப்பு தண்ணி ஒரு டப், அலசுற தண்ணி ஒண்ணு, கிருமிநாசினி கலந்தது ஒண்ணு, மூணுலயும் முக்கி எடுத்த அப்புறம் துணியால துடைக்க விடவே மாட்டாங்க. ஒரே துணி அத்தனை பேர் தட்டுலயும் பட்டா ஒருத்தருக்கு வந்த வயித்துப்போக்கு லாரிக்கே வந்துடும்னு சமையல் அக்கா முதல் நாளே கண்டிப்பா சொல்லிட்டாங்க. அதனால ரெண்டு கையிலயும் தட்ட பிடிச்சுக்கிட்டு காத்துல விசிறி விசிறி காய வைக்கணும், இதுக்கு ஃப்ளாப்பிங்னு பேரு. பாலைவனத்துக் காத்துல ரெண்டு நிமிஷத்துல காஞ்சுடும். முதல் நாள் பேசாம இருந்தவங்க கூட மூணாவது நாள் வட்டமா நின்னு தட்டு விசிறிக்கிட்டே ஊர்க்கதை பேச ஆரம்பிச்சுட்டாங்க. 12 நாள்ல ஒருத்தருக்கும் வயிறு கெடல, அந்த பெருமை முழுக்க அந்த அக்காவுக்குத்தான்.

சாப்பாடு நல்லாவே இருந்துச்சு. ராத்திரி கரி அடுப்புல சுட்டது, அதுக்கு ப்ராய்னு சொல்வாங்க, இல்லன்னா மூணு கால் இரும்புச் சட்டியில மெதுவா வேக வச்ச குழம்பு. என் தங்கச்சி சைவம், அவளுக்கு தனியா ஒரு சின்ன சட்டி வச்சு பரங்கிக்காய், பீன்ஸ், பயறுன்னு தினமும் மாத்தி மாத்தி செஞ்சு குடுத்தாங்க. புக் பண்ணும்போதே எழுதிக் குடுத்துடுங்க, வழியில கடை கண்ணி கம்மி.

ஃபிஷ் ரிவர் கேன்யன் பத்தி நிறைய சொல்ல மாட்டேன், 160 கிலோமீட்டர் நீளம், சில இடத்துல 550 மீட்டர் ஆழம், சாயங்காலம் விளிம்புல நின்னு பாத்தோம், பிரமாதம். எனக்கு சொல்ல வேண்டியது செஸ்ரீம், நமீப் பாலைவன மணல் குன்றுங்க இருக்குற பார்க்குக்குள்ள போற கேட் அங்கதான்.

இந்த ட்ரிப்புக்கு நான் பணம் கட்டினதே டியூன் 45 மேல சூரிய உதயம் பாக்கத்தான். செஸ்ரீம் கேட்ல இருந்து 45-வது கிலோமீட்டர்ல இருக்குறதால அந்த மணல் குன்றுக்கு அந்த பேரு. அந்த கேட் சூரியன் உதிக்கும்போதுதான் திறக்கும். கேட்டுக்குள்ள இருக்குற கேம்ப்ல தங்கினவங்க மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பலாம். எங்க டென்ட் கேட்டுக்கு வெளிய. இத யாரும் எங்ககிட்ட சொல்லல, விளம்பரத்துல "டியூன் 45-ல சூரிய உதயம்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. விடியக்காலைல நாலரைக்கு எழுந்து குளிர்ல டென்ட் மடிச்சு கேட் முன்னாடி போய் வரிசையில நின்னோம், கண்ணு முன்னாடியே வானம் வெளுத்து சூரியன் மேல வந்துருச்சு, அப்புறம்தான் கேட் திறந்தாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. டிரைவர் அண்ணன் மேல தப்பு இல்ல, அவருக்கே முகம் வாடிப்போச்சு. திரும்பி வந்து கம்பெனிக்கு மெயில் போட்டேன், பயணத் திட்டம் மாறலாம்னு ஒரு வரி பதில். இது சரியில்ல, மனசார சொல்றேன். பணம் கட்டுறதுக்கு முன்னாடி "அன்னிக்கு ராத்திரி டென்ட் கேட்டுக்கு உள்ளயா வெளியயா"ன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

ஆனா அதுக்கப்புறம் டெட்வ்லேய் போனோம் பாருங்க. கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல், லாரி போகாது, ஃபோர் வீல் டிரைவ் வண்டியில ஏத்திட்டுப் போய் விடுவாங்க, அப்புறம் மணல்ல நடை. குன்று ஏறி இறங்கினா வெள்ளைக் களிமண் தரை, பாளம் பாளமா வெடிச்சு, சுத்தி சிவப்பு மணல் மலை, நடுவுல கருகின மாதிரி மரங்க. மணல் வந்து ஆத்துத் தண்ணிய மறிச்சதால செத்த மரங்களாம், 600-700 வருஷமா நிக்குது, மக்கிப்போகக் கூட ஈரம் இல்ல. கிட்டப் போய் பாத்தேன், தொடக்கூடாது, தொடல. பட்டை உரிஞ்ச மரத்துல முறுக்கு முறுக்கா வரி ஓடுது, ஒரு கிளை இடுக்குல காத்து கொண்டு வந்து போட்ட சிவப்பு மணல் ஒரு சிட்டிகை இருந்துச்சு. சத்தம்னு ஒண்ணு கிடையாது, நம்ம செருப்புக்கு அடியில களிமண் நொறுங்குறது மட்டும் கேக்கும்.

ஸ்வாகோப்மண்ட்ல ரெண்டு ராத்திரி லாட்ஜ், வெந்நீர்க் குளியல். பெங்குவேலா நீரோட்டத்தால கடல் குளிர்ச்சி, அதனால பாலைவனத்து ஓரத்துலயே மூடுபனி, ஸ்வெட்டர் இல்லாம முடியாது. அங்க மணல்ல சறுக்குறது, ஸ்கை டைவிங் எல்லாம் தனிக் காசு, ட்ரிப் கட்டணத்துல சேராது. காசு விஷயத்துல இன்னொண்ணு, நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்கப் பணமான ராண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு, நமீபியால ராண்ட் குடுத்தா வாங்குவாங்க, ஆனா மிச்சமான நமீபிய டாலர் தென்னாப்பிரிக்கக் கடையில செல்லாது, அங்கயே செலவு பண்ணிடுங்க.

ஸ்பிட்ஸ்கோப்பேல பாறைங்களுக்கு நடுவுல கேம்ப். டென்ட் பக்கத்துல கரண்டும் இல்ல தண்ணியும் இல்ல. பகல் சூடு பாறையில ராத்திரி வரைக்கும் இருக்கு, எல்லாரும் அதுல முதுகு சாய்ச்சு படுத்துக்கிட்டோம், விருச்சிகம் நேரா தலைக்கு மேல, கொடுக்கு வரைக்கும் ஒவ்வொரு நட்சத்திரமா எண்ணலாம். விடியக்காலைல குளிர் எலும்ப தொடும், கம்பெனி குடுக்குற மெத்தை மட்டும்தான், ஸ்லீப்பிங் பேக் நல்லதா நீங்களே கொண்டு போங்க.

கடைசியா எடோஷா தேசியப் பூங்கா, அதுக்குள்ள ஒகாகுவேயோ கேம்ப். கேம்ப் வேலிய ஒட்டியே ஒரு தண்ணிக் குட்டை, ராத்திரி பூரா விளக்கு போட்டு வச்சிருப்பாங்க, இந்தப் பக்கம் குட்டைச் சுவர், பெஞ்ச். மத்தவங்க எல்லாம் தூங்கப் போயிட்டாங்க, நானும் தங்கச்சியும் போர்வைய சுத்திக்கிட்டு பதினோரு மணி வரைக்கும் உக்காந்தோம். இருட்டுல இருந்து ஒரு கருப்புக் காண்டாமிருகம் குட்டியோட வந்துச்சு. தாய் முன்னாடி வந்து நின்னு காதத் திருப்பி ரொம்ப நேரம் கேட்டுச்சு, அப்புறம்தான் குட்டி தண்ணிகிட்ட வந்துச்சு. உறிஞ்சுற சத்தம் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. தங்கச்சி என் கையப் பிடிச்சவ ரெண்டும் திரும்பிப் போற வரைக்கும் விடல.

5-க்கு 4 குடுக்குறேன், அந்த ஒண்ணு செஸ்ரீம் கேட்டுக்கு. டிரைவர் அண்ணனுக்கும் சமையல் அக்காவுக்கும் டிப்ஸ் தனித்தனி கவர்ல குடுங்க.