சால்மன் திரும்பி வர: சும்மா விடுவதா, லாரியில் ஏற்றுவதா, குஞ்சு பொரிப்பகமா?

அணையை இடித்துவிட்டால் மீன் தானே வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். வரும்தான். ஆனால் எந்த மீன், எங்கிருந்து, எத்தனை வருடத்தில் என்று கேட்க ஆரம்பித்தால் அங்கேதான் சண்டை தொடங்குகிறது. அந்தச் சண்டையை முழுசாகப் பார்க்க அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆறுதான் எனக்குத் தெரிந்து சரியான இடம். 1913இல் ஒன்று, 1927இல் ஒன்று என இரண்டு அணைகள் கட்டினார்கள், இரண்டிலும் மீன் ஏற வழியே வைக்கவில்லை. 110 கி.மீ.க்கு மேல் ஏறித் திரிந்த சால்மனுக்கு மிஞ்சியது கடலை ஒட்டிய 8 கி.மீ. மட்டும். 2011இல் இடிக்கத் தொடங்கி 2014இல் முடித்தார்கள்.

நம் ஊர் விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளர்கிறது. சால்மன் அதற்கு நேர்மாறு: ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே வரும். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் சரளைக்கல்லை அடித்து அடித்துக் குழி பறிக்கும். முட்டையிட்டதும் நீரோட்டத்துக்கு எதிரே சற்று நகர்ந்து மறுபடி அடிக்கும், அந்தக் கற்கள் உருண்டு வந்து முட்டையை மூடிவிடும். கல் இடுக்கில் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. சேறு அடைத்துவிட்டால் அவ்வளவுதான்.

சரி, முதல் வழி சும்மா விடுவது. இதற்குப் பெரிய சாட்சி எல்வாவின் கோடைகால ஸ்டீல்ஹெட், சால்மனின் நெருங்கிய சொந்தக்கார மீன். அணைகள் இருந்த காலத்தில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்தது. அதற்காக யாரும் குஞ்சு வளர்த்து விடவில்லை. அணைகள் போன சில வருடங்களிலேயே மேல் ஆற்றில் நூற்றுக்கணக்கில் எண்ணினார்கள். விஷயம் என்னவென்றால், ரெயின்போ ட்ரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம், ஆற்றிலேயே தங்கினால் ரெயின்போ, கடலுக்குப் போய்த் திரும்பினால் ஸ்டீல்ஹெட். அணைக்கு மேலே சிக்கிக்கொண்ட ரெயின்போக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலைப் பார்க்காமலே கடலுக்குப் போகும் குணத்தை உடம்புக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கின்றன. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

ஓரிகனில் தொடங்கி கலிஃபோர்னியா வழியாகக் கடலுக்குப் போகும் கிளாமத் ஆற்றிலும் அப்படித்தான். நான்கு அணைகளையும் எடுத்து முடித்த அதே 2024 அக்டோபரில், கடலிலிருந்து சுமார் 370 கி.மீ. ஏறி, ஓரிகன் மாநிலத்துக்குள் சினூக் என்ற சால்மன் வகை வந்து நின்றது, 1912க்குப் பிறகு அங்கே முதல்முறையாக. யாரும் கூட்டி வரவில்லை. ஆனால் இந்த வழி பலிக்க விதை, அதாவது இனத்தைப் பெருக்க மிஞ்சிய மீன், அருகிலேயே இருக்க வேண்டும், காத்திருக்கப் பொறுமையும் வேண்டும்.

லாரி வழி எளிமையானது, அதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை என்பது எனக்கு வருத்தம். முட்டையிடத் தயாரான பெரிய மீனைப் பிடித்துத் தொட்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுவது, மிச்சத்தை மீன் பார்த்துக்கொள்ளும். எல்வாவில் 2011 முதல் கோஹோ என்ற இன்னொரு சால்மன் வகையை இப்படி நடு ஆற்றின் (இரண்டு அணைகளுக்கும் இடைப்பட்ட பகுதி) கிளை ஓடைகளில் விட்டார்கள், அவை அங்கேயே குழி பறித்து முட்டையிட்டன. அதே வாஷிங்டனில் ஒயிட் சால்மன் என்ற பெயருள்ள ஆற்றில் 2011 அக்டோபரில் காண்டிட் அணையை உடைக்குமுன், வரப்போகும் சேற்றில் முட்டைகள் புதைந்துவிடக் கூடாது என்று கிட்டத்தட்ட 700 சினூக்குகளைப் பிடித்து அணைக்கு மேலே விட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றுப் படுகையில் ஏல்வைஃப் மீனை (சால்மன் போலவே கடலிலிருந்து ஏறி வந்து முட்டையிடும் சிறு மீன்) 1980களிலிருந்தே லாரியில் ஏற்றி ஏரிகளில் விட்டார்கள், 1999இலும் 2008இலும் கீழே இரண்டு அணைகள் போனதும், அதன் கிளையான செபாஸ்டிகுக்கில் ஒரே பருவத்தில் 20 லட்சத்துக்கு மேல் ஏறிய வருடங்கள் உண்டு.

அப்புறம் பொரிப்பகம். இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்வாவின் கரையில் வாழும் லோயர் எல்வா க்ளாலம் பழங்குடி மக்களுக்கு அமெரிக்க அரசோடு செய்த 1855 ஒப்பந்தப்படி மீன்பிடி உரிமை உண்டு. அந்த மீனை அணை தின்றுவிட்டது. இரண்டு அணைகளுக்குப் பின்னால் தேங்கிக் கிடந்தது சுமார் 2 கோடி கன மீட்டர் மண், அத்தனையும் கீழே இறங்கும் வருடங்களில் மிஞ்சிய கொஞ்ச மீனும் அழிந்தால் என்ன செய்வது என்று அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை. 2011இல் புதுப் பொரிப்பகம் வந்தது, 2012இல் சில காட்டுமீன் பாதுகாப்பு அமைப்புகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன.

எதிர்த்தவர்கள் சொன்னதும் வெறும் பிடிவாதம் இல்லை. பொரிப்பகத்தில் சினைமீனின் வயிற்றைக் கீறி முட்டையை வாளியில் எடுத்து, மேலே ஆண் மீனின் விந்தைப் பீய்ச்சி, கையால் கலக்கிவிடுவார்கள். குழி பறிக்கத் தெரிந்ததா, துணையைத் தேடிச் சண்டை போட்டதா என்று அந்த மீனை யாரும் சோதிப்பதில்லை. குஞ்சுக்குத் தீனி மேலேயிருந்து விழும், அதனால் தலைக்கு மேலே நிழல் ஆடினால் ஒளிந்துகொள்வதற்குப் பதில் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும்! ஓரிகனின் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட்டை வைத்து 2007இல் வெளியான ஆய்வு, பொரிப்பகத்தில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆற்றில் குஞ்சு பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது என்றது. எல்வாவில் அணைகள் போய் வருடக்கணக்கில் ஆன பிறகும் திரும்பி வந்த சினூக்கில் பெரும்பங்கு பொரிப்பகத்தில் பிறந்தவைதான்.

நான் எந்தக் கட்சி என்றால், முதலில் விதைநெல் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிற கட்சி. அணைக்கு மேலேயே இருந்தால் கை வைக்கக் கூடாது. கீழேயே வந்து தேங்கி நின்றால் தூக்கி மேலே விடலாம். எங்கும் இல்லை, அல்லது சேற்றில் அழியப் போகிறது என்றால் மட்டும் பொரிப்பகம், அதுவும் எந்த எண்ணிக்கை வந்ததும் நிறுத்துவோம் என்று முதல் நாளே எழுதி வைத்துவிட்டு. கிளாமத்தின் மேல் படுகையில் இப்படித்தான் இனத்துக்கு இனம் பிரித்திருக்கிறார்கள்: இலையுதிர்கால சினூக்கும் ஸ்டீல்ஹெட்டும் தாமாக வரட்டும் என்று விட்டு, வசந்தகால சினூக்குக்கு மட்டும் குஞ்சு விடுகிறார்கள்.

2023 அக்டோபரில் க்ளாலம் மக்கள் மறுபடி எல்வாவில் வலை இறக்கினார்கள். பிடிக்க அனுமதித்தது 400 கோஹோ. சினூக்குக்கு அந்த நாள் வர வேண்டுமானால் பொரிப்பகக் குஞ்சுகளை வருடா வருடம் குறைத்து, மேல் ஆற்றுச் சரளையில் பிறந்தவற்றுக்கு இடம் விட வேண்டும்.