ஆப்ஷன் செயின் திரை: எந்தக் கட்டத்தை நம்பலாம்?

ஒரு பங்கின் ஆப்ஷன்களை (குறித்த விலையில் அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்) பட்டியலிடும் ஆப்ஷன் செயின் திரை எந்த புரோக்கர் செயலியில் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். நடுவில் ஸ்ட்ரைக் (ஒப்பந்தத்தில் குறித்த விலை), இடப்பக்கம் கால் (வாங்கும் உரிமை), வலப்பக்கம் புட் (விற்கும் உரிமை), மேலே எக்ஸ்பைரி தேதி (உரிமை முடியும் நாள்). நிழலடித்த பகுதி ஐ.டி.எம். (உரிமையை இப்போதே பயன்படுத்தினால் ஆதாயம் தருவது), வெள்ளையாக இருப்பது ஓ.டி.எம். (தராதது), இரண்டும் சந்திக்கும் இடம் ஏ.டி.எம். (ஸ்ட்ரைக்கும் பங்கு விலையும் ஏறக்குறைய ஒன்று). இந்தச் சுருக்கங்கள் பழகிவிட்டால் வேறு பக்கம் போகவே வேண்டாம். ஆனால் எந்த எண் நம்மை ஏமாற்றுமோ, அதைத்தான் பெரும்பாலான செயலிகள் தடித்த எழுத்தில் காட்டுகின்றன.

அதுதான் எல்.டி.பி. கடைசியாகக் கைமாறிய விலை. எப்போது கைமாறியது என்பது பக்கத்தில் இருக்காது. பங்கு 102-ல் நிற்கிறது, 20 நாள் பாக்கி, 100 ஸ்ட்ரைக் காலுக்கு எல்.டி.பி. 4.80 என்று வைத்துக்கொள்வோம். அதே வரிசையில் பிட் (வாங்குபவர் தரும் விலை) 3.90, ஆஸ்க் (விற்பவர் கேட்கும் விலை) 4.30. பங்கு 103-ஐத் தாண்டியிருந்தபோது நடந்த வியாபாரத்தின் மிச்சம்தான் அந்த 4.80. அதை நம்பி மார்க்கெட் ஆர்டரில் (கிடைக்கும் விலைக்கே) விற்றால் கைக்கு வருவது 3.90. வாங்கினாலும் நிம்மதி இல்லை: 4.30 கொடுத்து அடுத்த நொடியே விற்றால் 0.40 போய்விடும், போட்டதில் 9 சதவீதம். நடுவிலை 4.10-ல் லிமிட் (இதற்கு மேல் தரமாட்டேன் என்ற ஆர்டர்) வைத்து, நிறைவேறாவிட்டால் 0.05 ஏற்றிப் பார்ப்பதே வழி. விலை ஒரு பங்குக்கானது என்பதும் திரையில் எழுதியிருக்காது. கான்ட்ராக்ட் 100 பங்கு என்றால் 4.10 என்பது 410.

ஐ.வி. (ஆப்ஷன் விலையிலிருந்து கணக்கிட்ட, சந்தை எதிர்பார்க்கும் ஆண்டு ஏற்ற இறக்க சதவீதம்) கட்டம் உண்மையிலேயே உதவும், கணக்கு எந்த விலையில் போட்டது என்று தெரிந்தால். பழைய எல்.டி.பி.யை வைத்துப் போட்ட ஐ.வி.யில் அர்த்தமில்லை. சோதிக்க எளிய வழி உண்டு. ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரியில் காலின் ஐ.வி.யும் புட்டின் ஐ.வி.யும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 38, மற்றது 31 என்று காட்டினால் பெரும்பாலும் ஏதோ ஒரு பக்கத்து விலை ஊசிப்போனது. எண் சரியாக இருந்தால் 16-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஐ.வி. 32 என்றால் நாளொன்றுக்குச் சுமார் 2 சதவீத அசைவைச் சந்தை எதிர்பார்க்கிறது. கம்பெனி முடிவுகள் வெளியாகும் முன் இது ஏறும், வந்ததும் சரியும். பங்கு நினைத்த திசையில் போயும் கால் வாங்கியவர் நஷ்டப்படுவது இதனால்தான்.

கிரீக்ஸில் (ஆப்ஷன் விலை எதற்கு எவ்வளவு அசையும் என்று காட்டும் எண்கள்) டெல்டா, தீட்டா இரண்டும் அன்றாடம் தேவை. மேலே சொன்ன காலுக்கு டெல்டா 0.62 அளவில் இருக்கும்: பங்கு 1 ஏறினால் பிரீமியம் (ஆப்ஷனின் விலை) ஏறக்குறைய 0.62 ஏறும். தீட்டா மைனஸ் 0.08 என்றால், மற்றதெல்லாம் அசையாமல் இருந்தாலே ஒரு கான்ட்ராக்டில் தினமும் 8 கரையும். ஏ.டி.எம். அருகே எக்ஸ்பைரி நெருங்க நெருங்க இந்தக் கரைவு வேகமெடுக்கும். காமாவும் (டெல்டா மாறும் வேகம்) வேகாவும் (ஐ.வி. மாறினால் விலை மாறும் அளவு) ஆப்ஷன் எழுதுபவர்களுக்கு (புதிதாக விற்பவர்களுக்கு) அவசியம். மற்றவர்கள் மறைத்து வைக்கலாம்.

ஓ.ஐ. (ஓபன் இன்டரெஸ்ட்) பற்றித்தான் வீண் பேச்சு அதிகம். இன்னும் முடிக்கப்படாத கான்ட்ராக்ட்டுகளின் எண்ணிக்கை அது, அவ்வளவே. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வாங்கியவர், மறுபக்கம் எழுதியவர் இருக்கிறார்; ஓ.ஐ. பெரிதாக இருப்பதை வைத்து மட்டும் ‘இங்கே பெரிய கைகள் விற்றிருக்கின்றன’ என்று சொல்ல முடியாது. சில சந்தைகளில் நாளுக்கு ஒருமுறைதான் இந்த எண் மாறும். அன்றைய நடமாட்டத்துக்கு வால்யூமைப் (அன்று கைமாறிய கான்ட்ராக்ட்டுகளின் எண்ணிக்கை) பாருங்கள். ஓ.ஐ.யும் வால்யூமும் சொற்பமாக இருக்கும் ஸ்ட்ரைக்கில் ஸ்பிரெட் (பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் உள்ள இடைவெளி) அகலமாகத்தான் இருக்கும், வெளியே வருவது கஷ்டம்.

செயினிலிருந்து ஆர்டர் பலகைக்குத் தாவும் இடத்தில் இன்னொரு குறை. சில செயலிகளில் பி.டி.ஓ. (வாங்கித் தொடங்குவது), எஸ்.டி.ஓ. (விற்றுத் தொடங்குவது), பி.டி.சி. (வாங்கி முடிப்பது), எஸ்.டி.சி. (விற்று முடிப்பது) நான்கும் விளக்கமில்லாமல் ஒட்டி ஒட்டி நிற்கும். கையில் இருப்பதை விற்று முடிக்க எஸ்.டி.சி.; எஸ்.டி.ஓ. என்றால் புதிதாக எழுதுவது. திடீரென்று பெரிய மார்ஜின் (பிணைத்தொகை) கேட்டால், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று முதலில் பாருங்கள். நெடுவரிசைகளை மாற்ற வசதி இருந்தால் பிட், ஆஸ்க், ஐ.வி., டெல்டா, வால்யூம், ஓ.ஐ. என்று வரிசைப்படுத்தி, எல்.டி.பி.யைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். அந்த வசதி இல்லாத செயலி விலை பார்க்க மட்டும்தான் லாயக்கு.