300 யூனிட் வீட்டுக்கு எந்த முறை? திருகோணமலையில் நெற் மீற்றரிங், நெற் அக்கவுண்டிங், நெற் பிளஸ்: ஓர் ஒப்பீட்டு அலசல்

சோலார் போட விசாரித்தால் கம்பனிக்காரர் முதலில் கூரையைத்தான் அளப்பார். அதற்கு முன் பார்க்கவேண்டியது கடந்த பன்னிரண்டு மாத மின்பட்டியல். கூரை எத்தனை பனல் தாங்கும் என்பதை விட, நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பட்டியலில் எந்த விலையை அழிக்கிறது என்பதே வரவைத் தீர்மானிக்கிறது. ஒரே வீடு, ஒரே 5 கிலோவாற். தெரிவுசெய்யும் முறை மாறினால் மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும்.

முறைகள் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெற் மீற்றரிங்கில் காசு கைக்கு வராது. மிஞ்சிய யூனிட் யூனிட்டாகவே அடுத்த மாதத்துக்குப் போகும். நெற் அக்கவுண்டிங்கில் எடுத்ததையும் அனுப்பியதையும் மாத முடிவில் கழித்து, மிஞ்சியதற்கு ஒப்பந்த விலையில் காசு தருவார்கள். நெற் பிளஸ்ஸில் கழித்தலே இல்லை. பனல் தருவது முழுவதும் தனி மீற்றர் வழியாக விற்பனைக்குப் போகும், வீட்டுப் பாவனைக்கு முழுப் பில்லும் கட்டவேண்டும். நெற் பிளஸ் பிளஸ் என்று நான்காவது ஒன்றும் உண்டு. அது பெரிய கட்டடக் கூரைகளுக்கானது, வீட்டுக்காரருக்கு வேலையில்லை.

2016 செப்டெம்பரில் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியபோது நெற் அக்கவுண்டிங் விலை முதல் 7 வருடத்துக்கு 22 ரூபாய், அடுத்த 13 வருடத்துக்கு 15.50 ரூபாய். பிறகு 37 வரை ஏறி, 2024இல் 27க்கு வந்து, 2025இல் புதிதாக இணைபவர்களுக்கு 5 கிலோவாற் வரை 20.90 என்றும், 5இலிருந்து 20 கிலோவாற் வரை 19.61 என்றும் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வருமானம் அவர் கையெழுத்திட்ட வருடத்தின் விலை. அதை வைத்து உங்கள் கணக்கைப் போடக்கூடாது.

கணக்கு

மாதம் 300 யூனிட் எரிக்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏசி, ஃபிரிஜ், தண்ணீர் மோட்டர் உள்ள சாதாரண வீடுதான். 2025 ஜூன் திருத்தத்தின்படி 60 யூனிட்டுக்கு மேல் போகும் வீட்டுக்கு முதல் 60 யூனிட் 12.75 ரூபாய், 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேல் 61. நிலையான கட்டணத்தையும் வரியையும் ஒதுக்கி வைத்தால் 300 யூனிட்டுக்கு 765 + 555 + 720 + 2,460 + 7,320, மொத்தம் 11,820 ரூபாய். வீதம் மாறியிருந்தால் புதிய எண்களைப் போட்டு இதே கூட்டலைச் செய்யுங்கள்.

திருகோணமலை வெயிலில் ஒழுங்காகப் பூட்டிய 1 கிலோவாற், ஆண்டுச் சராசரியாக மாதம் 120 யூனிட் அளவில் தரும். 2 கிலோவாற் போட்டால் 240 யூனிட். இந்த 240 யூனிட்டும் பில்லின் மேல்படியில் இருந்து கீழ்நோக்கி வெட்டும்: 61 ரூபாய் யூனிட் 120, 41 ரூபாய் யூனிட் 60, 24 ரூபாயில் 30, 18.50இல் 30. இந்தப் படிகளில் குறைவது 11,055 ரூபாய், யூனிட்டுக்குச் சராசரி 46. 20.90 என்ற விற்பனை விலை இதற்குக் கிட்ட வராது.

அடுத்த 60 யூனிட்டை வெட்டினால் கிடைப்பது 765 ரூபாய்க்கும் குறைவு. ஏனென்றால் நிகரப் பாவனை 60க்குள் வந்ததும் வீடு இன்னும் மலிவான வீதத்துக்குள் போய்விடும். அதையும் தாண்டினால்தான் மிஞ்சும் ஒவ்வொரு யூனிட்டும் 2025 விலையான 20.90 ரூபாயைப் பெறும்.

இனி 5 கிலோவாற்றுக்கு வருவோம். மாதம் 600 யூனிட்.

நெற் அக்கவுண்டிங்: 11,820 ரூபாய் பில் அழிகிறது, மிஞ்சும் 300 யூனிட்டுக்கு 6,270 ரூபாய் வரும்.

நெற் பிளஸ்: 600 யூனிட்டை விற்று 12,540 ரூபாய், அதில் 11,820 பில்லுக்குப் போகும். கையில் 720.

நெற் மீற்றரிங்: பில் அழியும், 300 யூனிட் மாதாமாதம் சேர்ந்துகொண்டே போகும். பாவனை கூடாவிட்டால் அந்த யூனிட்டுகளுக்கு ஒரு சதமும் வராது.

ஆகவே பாவனை உள்ள வீட்டுக்கு நெற் பிளஸ் நட்டம்தான். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மட்டும் அது பொருந்தும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இங்கே காவலுக்கு ஒருவர் மட்டும் இருக்கும் பெரிய கூரை வீடுகள் உவர்மலையிலும் உப்புவெளியிலும் நிறைய உண்டு. அங்கேகூட நெற் அக்கவுண்டிங் ஏறக்குறைய அதே வரவைத் தந்துவிடும். குடும்பம் ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஏசி போட்டால் அந்தச் செலவையும் தாங்கும். எனவே அந்த வீட்டுக்கும் நெற் பிளஸ்ஸைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

2 முதல் 2.5 கிலோவாற்றுக்கு மேல் போடலாமா என்பது தனிக் கேள்வி. கம்பனி தரும் 5 கிலோவாற் விலையில் இருந்து 2.5 கிலோவாற் விலையைக் கழித்து, அதை 75,240ஆல் வகுத்துப் பாருங்கள். கூடுதல் பனல்களின் ஓராண்டு வரவு அதுதான். வரும் விடை, கூடுதலாகப் போட்ட காசு திரும்ப எடுக்கும் வருடக் கணக்கு. வங்கிக் கடன் என்றால் வட்டியையும் சேர்த்து வகுக்க வேண்டும்.

மீற்றரிங்கா, அக்கவுண்டிங்கா?

பனல் அளவும் பாவனையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் வீட்டில்தான் இந்தப் போட்டி நெருக்கமாக இருக்கும். மாசி முதல் சித்திரை வரை நல்ல வெயில், மிஞ்சும். கச்சான் அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை இரவு முழுக்க ஏசி, பற்றாது. ஐப்பசிக்குப் பிறகு வாடை மழை. உற்பத்தி நல்ல மாதங்களில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு வரை விழலாம்.

பங்குனியில் 110 யூனிட் மிஞ்சி, ஆடியில் 90 யூனிட் பற்றாமல் போகிறது என்று வையுங்கள். அக்கவுண்டிங்கில் பங்குனி யூனிட்டுக்கு 2,299 ரூபாய் வரும். ஆடியில் 90 யூனிட் வாங்க 1,320 ரூபாய்தான். மீற்றரிங்கில் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, 20 யூனிட் மட்டும் கையிருப்பில் நிற்கும். இங்கே அக்கவுண்டிங் வெல்கிறது. ஆனால் ஆடிப் பற்றாக்குறை 200 யூனிட் என்றால் கதை வேறு. சேமித்த 110 யூனிட்டும் 61, 41, 24 ரூபாய்ப் படிகளை வெட்டும். 20.90க்கு விற்றதை விட அது மிக லாபம். ஆகவே பட்டியல்களை வைத்து மாதம் மாதமாகக் கழித்துப் பாருங்கள். பற்றாக்குறை எந்த மாதத்திலும் 120 யூனிட்டைத் தாண்டாவிட்டால் அக்கவுண்டிங், பல மாதங்களில் தாண்டினால் மீற்றரிங். நிலாவெளி விருந்தினர் விடுதிகளுக்கு வீட்டு வீதம் பொருந்தாது. அவர்கள் தங்கள் வீதப் பட்டியலை வைத்தே கணக்குப் போடவேண்டும்.

பற்றரி சேர்த்தால்?

மூன்று முறையிலும், பனல் தரும் மின்னை வீட்டு மின்னாக மாற்றும் சாதாரண இன்வேர்ட்டர், கறண்ட் நின்ற அடுத்த கணமே தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடு அது. உச்சி வெயிலில் 12 பனல் இருந்தும் மின்விசிறி சுழலாது என்பதைப் பலர் பூட்டிய பிறகுதான் அறிகிறார்கள். கறண்ட் இல்லாதபோதும் வேண்டுமென்றால் பற்றரியோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் லித்தியம் பற்றரியும் தேவை.

பில்லைக் குறைக்கப் பற்றரி வேண்டியதில்லை. பகல் அனுப்பிய யூனிட்டும் இரவு எடுத்த யூனிட்டும் ஒன்றுக்கு ஒன்று கழிபடுவதால் மின்கட்டமைப்பே அந்த வேலையைச் செய்கிறது. 2025இல் மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரை பற்றரியில் இருந்து அனுப்பும் யூனிட்டுக்கு 45.80 ரூபாய் அறிவிக்கப்பட்டது. பகல் 10 யூனிட்டை 209 ரூபாய்க்கு விற்காமல் ஏற்றி வைத்தால், இழப்புப் போக 9 யூனிட் இரவில் வெளியே போகும், 412 ரூபாய். நாளுக்குக் கூடுதல் வரவு 203 ரூபாய், மாதம் ஆறாயிரம் அளவில். ஆனால் 10.30க்குப் பற்றரி வெறுமையாகிவிடும். வாடை மழையில் நள்ளிரவு கறண்ட் போனால் வீடு இருட்டுத்தான். இரண்டும் வேண்டுமென்றால், வெளியே அனுப்பும்போது குறைந்தது 30 சதவீதம் மிச்சம் வைக்கும்படி இன்வேர்ட்டரை அமைத்து, வரவையும் அதற்கேற்பக் குறைத்துக் கணக்கிட வேண்டும்.

எந்த முறையிலும் வரவைத் தின்பது

அதிகம் காணப்படும் பழுது, மின்னழுத்த உயர்வு. லைனில் வரவேண்டியது 230 வோல்ட், 6 சதவீதம் கூடக்குறைய. ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில், லைன் முடிவில் இருக்கும் வீடுகளில் ஞாயிறு மத்தியானம் ஊரே சோலாரை அனுப்பும்போது அழுத்தம் ஏறும். எல்லை தாண்டினால் இன்வேர்ட்டர் நிற்கும், சில நிமிடத்தில் எழும், மறுபடி நிற்கும். இன்வேர்ட்டரோடு வரும் கைபேசிச் செயலியின் நாள் வரைபடத்தைப் பாருங்கள். 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் பல் பல்லாக வெட்டுப்பட்டிருந்தால் காரணம் இதுதான். உச்சி மட்டும் தட்டையாக இருந்தால் பழுதில்லை, இன்வேர்ட்டரின் கொள்ளளவு நிறைந்துவிட்டது.

இதில் உங்கள் பக்கத்துப் பங்கும் உண்டு. இன்வேர்ட்டரில் இருந்து மீற்றருக்கு 30 மீற்றர் தூரம் 6 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி இழுத்தால், 5 கிலோவாற்றில் அந்தக் கம்பியிலேயே 4 வோல்ட் கூடும். 16 சதுர மில்லிமீற்றர் என்றால் 1.5 வோல்ட். திரீ பேஸ் எடுத்து அதே 6 சதுர மில்லிமீற்றரில் போனால் 1 வோல்ட்டும் இல்லை. கம்பிக்குக் கொஞ்சம் கூடச் செலவழிப்பது பனல் ஒன்று கூடப் போடுவதை விடப் பலன் தரும். அதற்குப் பிறகும் அழுத்தம் இறங்காவிட்டால் ஒரு வாரத்து மத்தியான அளவீடுகளைச் செயலியில் இருந்து எடுத்து, பிரதேச மின் பொறியியலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பேஸ்களைச் சமப்படுத்துவதும் ட்ரான்ஸ்ஃபோமரின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ராப்பை மாற்றுவதும் அவர்கள் கையில்தான்.

விற்பனை நின்ற நாட்களும் உண்டு. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடே இருண்ட பிறகு, அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் தாமாகவே அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. தேவை குறைந்த நீண்ட விடுமுறைகளில் இது திரும்ப வரலாம். ஆண்டு வரவில் சில நாட்களைக் கழித்தே போடுங்கள்.

கடற்காற்று அடுத்த பகை. கூரையில் பூட்டும் சட்டம் அனோடைஸ் செய்த அலுமினியமாகவும், போல்ட் நட்டு துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்கட்டும். கடலுக்குக் கிட்ட என்றால் 316 தரம் கேளுங்கள். கல்வனைஸ் சட்டத்தை வெட்டினால் வெட்டிய முனையில்தான் துரு தொடங்கும். தகரக் கூரைக்கும் பனலுக்கும் இடையில் 10 சென்ரிமீற்றராவது காற்றோட்டம் வேண்டும். பனல் 65 பாகை செல்சியஸ் சுட்டால் உற்பத்தியில் 14 சதவீதம் வரை போகும். தெற்கு நோக்கி 8 முதல் 10 பாகை சரிவு போதும். அதைவிடத் தட்டையாக வைத்தால் கீழ்ச் சட்ட ஓரத்தில் சேறு தங்கும்.

கச்சான் மாதங்களில் மழையில்லாமல் தூசு படியும். மூன்று கிழமைக்கு ஒருக்கால், வெயில் ஏறுமுன் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்புத் திட்டு நிற்கும்.

விண்ணப்பத்தில் ஒழுங்கு முக்கியம். முதலில் பிரதேச அலுவலகத்தில் உங்கள் ட்ரான்ஸ்ஃபோமரில் இடமிருக்கிறதா என்று எழுத்தில் அனுமதி எடுத்து, அதன்பின் கம்பனிக்கு முற்பணம் கொடுங்கள். கம்பனி இலங்கை நிலைபேறான வலுசக்தி அதிகாரசபையில் பதிவு செய்ததா என்று பார்ப்பதும் அதே நாளில் முடியும் வேலை.

புது மீற்றர் பூட்டியபின் திரையில் 1.8.0 என்று வருவது எடுத்த யூனிட், 2.8.0 என்பது அனுப்பிய யூனிட். செயலி 600 காட்டும்போது 2.8.0 வெறும் 430 காட்டினால் பதறவேண்டாம். மீதி 170ஐ வீடு பகலிலேயே நேரடியாக எரித்துவிட்டது. எடுத்ததோடு உற்பத்தியைக் கூட்டி அனுப்பியதைக் கழித்தால் வீட்டின் உண்மையான பாவனை கிடைக்கும். வாசிப்பாளர் வரும் நாளில் இரண்டு எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். பட்டியலில் எடுத்ததும் அனுப்பியதும் இடம் மாறி வந்தால் திருத்தக் கேட்க அந்தப் படமே போதும்.