ஃப்ரையா, ஃபால்ஸ் கார்டா: கேஎல்லில் மெட்டல் குரல் பழகுபவர்களுக்கு

மெட்டல் என்கிற கனத்த ராக் இசையைக் கேட்காதவர்களுக்கு அதன் பாட்டு எல்லாம் ஒரே கூச்சல்தான். பழக ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அதற்குள் இரண்டு பாதைகள் இருப்பது தெரிந்துவிடும்: ஃப்ரை ஸ்க்ரீம், ஃபால்ஸ் கார்ட் ஸ்க்ரீம். இங்கே கேஎல்லில் (கோலாலம்பூரில்) பெரும்பாலான பையன்களும், இப்போது சில பெண்களும், தங்களுக்குப் பிடித்த பாடகர் யார் என்பதை வைத்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கே பழகப் போகிறோம், எந்த மொழியில் பாடப் போகிறோம், தப்பாகச் செய்தால் எவ்வளவு சீக்கிரம் தெரியவரும் என்ற மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது என்பது என் கட்சி.

முதலில் தொண்டைக்குள் நடப்பதைப் பார்ப்போம். நாம் பேசவும் பாடவும் பயன்படுத்துவது குரல்நாண் ஜோடியை. அதற்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு, பெயர் போலிக் குரல்நாண்கள். சாப்பாட்டை விழுங்கும்போதும், அரிசி மூட்டையைத் தூக்க மூச்சைப் பிடித்து முக்கும்போதும் மூடிக்கொள்பவை அவைதான். அந்த மேல் ஜோடியை நிறையக் காற்றால் அதிரவைப்பதே ஃபால்ஸ் கார்ட். ரஷ்யாவின் துவா பகுதியில் கர்கிரா என்று ஒரு பாடும் முறை இருக்கிறது. அதில் போலி நாண்கள் அசல் நாண்களின் பாதி வேகத்தில் அதிர்வதால் பாடும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஒலி கேட்கும். மெட்டலின் ஒரு கிளையான டெத் மெட்டலின் உறுமல் அதுவே இல்லை என்றாலும் தூரத்துச் சொந்தம்.

ஃப்ரை வேறு திசையிலிருந்து வருகிறது. காலையில் கண் விழித்ததும் 'ம்ம்' என்கிறபோது குரல் கரகரவென்று உடைந்து வருகிறதல்லவா, அங்கிருந்துதான் தொடக்கம். அசல் நாண்களைச் சேர்த்து வைத்து, காற்றைக் குறைவாக விட்டு, அந்தக் கரகரப்பைக் கலைக்காமல் மேலே ஏற்றுகிறோம். கிடைப்பது மெல்லியதாகவும் கூர்மையாகவும், காதைக் கிழிக்கிற மாதிரியும் இருக்கும்.

இந்தப் பிரிவினையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். லோர்னா ஷோர் என்ற அமெரிக்க மெட்டல் பேண்டின் பாடகர் வில் ராமோஸ் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காட்சியில், குரல்நாணுக்கு மேலே இருக்கிற பல பாகங்கள் சேர்ந்து ஆடுகின்றன. கோபன்ஹேகனில் குரல் பயிற்சி நிறுவனம் நடத்தும் காத்ரீன் சாடோலின், கரகரப்பு ஒலிகளை டிஸ்டார்ஷன், கிரவுல், கிரண்ட், ராட்டில் என்று எந்தப் பாகம் அதிர்கிறது என்பதை வைத்தே தனித்தனியாகப் பிரிக்கிறார். ஆகவே ஃப்ரை, ஃபால்ஸ் கார்ட் என்பவை பழகுபவரின் உடலுக்குத் தெரிகிற பெயர்கள், உடற்கூறு வரைபடம் அல்ல. பழகுவதற்கு அது போதும்.

இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றையும் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தைப்பூசத்துக்கு பத்துமலையில் இரவு முழுக்க 'வேல் வேல்' என்று கத்திவிட்டு வந்தவர்களுக்கு மறுநாள் குரல் கட்டியிருக்கும். அசல் நாண்கள் ஓங்கி மோதி மோதி வீங்கிய விளைவு அது. வருடத்துக்கு ஒரு நாள் என்பதால் சரியாகிவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு ஜேமிங் (பேண்டோடு சேர்ந்து பயிற்சி) என்றால் ஆகாது. ஃப்ரை, ஃபால்ஸ் கார்ட் இரண்டுமே அந்த மோதலைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழிகள்தான். பழகி முடித்த பிறகு குரல் அப்படிக் கட்டினால், நீங்கள் பழகியது இந்த மூன்றாவதை.

சரி, இடப் பிரச்சினைக்கு வருவோம். செந்தூலிலோ பந்தாய் டாலாமிலோ அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு ஃபால்ஸ் கார்ட் ஒரு தலைவலி. அதை மெதுவாகச் செய்வது கடினம், காற்று போனால்தான் மேல் மடிப்பு ஆடும். பக்கத்து வீட்டு ஆன்டி முதல் நாள் கவலைப்படுவார், மூன்றாம் நாள் கதவைத் தட்டுவார். ஃப்ரையைப் பேசும் குரலின் சத்தத்திலேயே பழகலாம், டிவி ஓடினால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. அதனால்தான் கேஎல்லில் தனியாகப் பழகுகிறவர்களில் நிறையப் பேர் ஃப்ரைக்காரர்களாக இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஃபால்ஸ் கார்ட்காரர்களுக்கு இரண்டு வழி: மணிக் கணக்கில் வாடகை கொடுத்து ஜேமிங் ஸ்டூடியோ, அல்லது கார். ஃபெடரல் ஹைவே நெரிசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய் பிளக்கும் ஆளைப் பார்த்தால் மனைவியோடு போனில் சண்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏர்கோன் காற்றை மட்டும் முகத்திலிருந்து திருப்பி வைக்க வேண்டும். வறண்ட காற்றைப் பெரிய மூச்சாக இழுப்பது நாண்களைக் காயவைக்கும்.

இடத்தை மட்டும் பார்த்தால் ஃப்ரை ஜெயிக்கிறது. ஆனாலும் முதலில் ஃபால்ஸ் கார்டைப் பழகச் சொல்வேன். காரணம், அது தப்பை மறைக்காது. தவறாகப் போனால் உடனே தொண்டை அரிக்கும், இருமல் வரும், அங்கேயே நிறுத்திவிடுவீர்கள். ஃப்ரையில் அசல் நாண்களை நெரித்துக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் தெரியாது. ஒலியும் நன்றாகவே வரும். இரண்டு மணி நேரம் கழித்து மாமாக் கடையில் தே தாரிக் டீ சொல்லும்போதுதான் குரல் பாதியாகியிருப்பது தெரியும். ஃப்ரை என்று பெயர் வைத்துக்கொண்டு வெறுமனே நெரித்துக் கத்துகிறவர்கள் நம் வட்டாரத்தில் குறைவில்லை.

ஃபால்ஸ் கார்டைத் தொடங்கும் விதமும் எளிது. கண்ணாடியில் ஆவி படிய வைப்பதுபோல் 'ஹா' என்று சூடான மூச்சை விடுங்கள். அதைப் பெரிய கிசுகிசுப்பாக்குங்கள். பிறகு கனமானதைத் தள்ளும்போது வருகிற முக்கலை அதன் மேல் கொஞ்சமாக வையுங்கள். வேலை செய்ய வேண்டியது வயிறும் விலாவும். கழுத்து நரம்பு புடைத்தால் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் மொழி. இங்கேதான் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம், நம்மில் பலர் யோசிக்காததும் இதுதான். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா போன்ற பேண்டுகள் ஆங்கிலத்தோடு சமஸ்கிருத சுலோகங்களைச் சேர்த்துப் பாடின. தமிழில் கத்தும்போது சிக்கல் வேறு. ஃபால்ஸ் கார்டில் ஒலி கிளம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அதற்குள் குறில் ஓடிப்போய்விடும். அதைப் பிடிக்க இழுத்தால், 'படு' என்று எழுதியிருப்பீர்கள், 'பாடு' என்று கேட்கும். இ, ஈ போன்ற உயிர்கள் இருண்டு போகும், 'நீ' என்றது 'நூ'வுக்கும் 'நோ'வுக்கும் நடுவே எங்கோ விழும். ஃப்ரையில் இந்தக் கஷ்டம் குறைவு. அதன் கூர்மையே இகர, ஏகாரங்களுக்குத் தோதானது, குறில் நெடிலும் பிரிந்து கேட்கும். வரிகள் புரிய வேண்டும் என்பவருக்கு ஃப்ரைதான்.

ஆனால் இரட்டித்த வல்லினம் வந்தால் கதை தலைகீழ். வெட்டு, முட்டு, ரத்தம், சிக்கல் என்று ஒரு சொல் வந்துவிட்டால் அந்த ஒற்றில் காற்று முழுசாக அடைபட்டு, அழுத்தம் சேர்ந்து, அடுத்த எழுத்தில் வெடிக்கும். இரண்டு காலாலும் வேகமாக அடிக்கும் டபுள் பேஸ் டிரம் மேல் ஃபால்ஸ் கார்டில் இதைச் செய்தால் வேறு மொழிக்காரர்களுக்குப் பொறாமை வரும். இரண்டு முறைக்கும் பொது எதிரி சொல்லின் கடைசியில் வரும் ம், ன். ஒலி மூக்குக்குப் போனதும் கத்தல் செத்துவிடும். 'மரணம்' என்று எழுத்துப்படி முடிக்காமல், பேச்சில் சொல்வதுபோல் உதட்டை மூடாமல் 'மரணொ' என்று திறந்து வைத்தால் தப்பிக்கலாம். பேச்சுத் தமிழில் வரி எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

மைக் விஷயம் சுருக்கமாக. ஜேமிங் ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் கிடைப்பது ஷூர் எஸ்எம்58 அல்லது அதைப் பார்த்துச் செய்தது. வாயை ஒட்டி வைத்தால் பேஸ் (அடித்தொனி) கூடும், மெல்லிய ஃப்ரைக்கு அது உதவி. ஆனால் மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் வேண்டாம். முன்பக்கம் மட்டும் கேட்க வேண்டிய மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்து ஃபீட்பேக் (ஸ்பீக்கர் கூவல்) அடிக்கும். ஃபால்ஸ் கார்டுக்கு மைக் அவ்வளவு முக்கியமில்லை, சத்தம் தொண்டையிலேயே இருக்கிறது.

யாரிடம் கற்பது? இத்துறையில் பெயர் பெற்ற ஆசிரியர் நியூயார்க்கின் மெலிசா கிராஸ். 2005இல் அவர் வெளியிட்ட டிவிடிதான் பலருக்கு முதல் பாடம். லேம்ப் ஆஃப் காட் என்ற அமெரிக்க மெட்டல் பேண்டின் பாடகர் ராண்டி பிளைத் அவரிடம் பயின்றவர். அந்த பேண்ட் 2013இல் கேஎல் வரவிருந்து, சமய எதிர்ப்பால் நிகழ்ச்சி ரத்தான வயிற்றெரிச்சல் இங்கே பலருக்கு இன்னும் தீரவில்லை. யூடியூப் பாடங்கள் ஃபால்ஸ் கார்டுக்குப் போதும், தப்பைத்தான் உடம்பே சொல்லிவிடுகிறதே. ஃப்ரைக்கு ஒரு மணி நேரமாவது நேரலையில் கேட்டுத் திருத்துகிற ஆள் தேவை. பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸிலோ வேறெங்கோ கர்நாடக சங்கீதம் பயின்றவர்களுக்கு மூச்சுப் பிடிப்பு ஏற்கெனவே இருக்கும், அது பெரிய லாபம். குருவிடம் எதற்காக என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் இரண்டையும் விடுங்கள். மற்ற நாட்களில் தண்ணீர், நல்ல தூக்கம், சாப்பிட்ட உடனே படுக்காமல் இருப்பது. ராத்திரி பன்னிரண்டுக்கு நாசி கண்டார் தின்றுவிட்டுப் படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி நாண்களைப் புண்ணாக்கும். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே குரல் பட்டென்று போனாலோ ரத்தம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டு அன்றே போக வேண்டும்.

கடைசியில் பேண்டைப் பாருங்கள். கிட்டார்கள் கீழே இறக்கி டியூன் செய்து, பேஸ் கிட்டாரும் தடியாக ஓடினால் ஃபால்ஸ் கார்ட் அதற்குள் மூழ்கிவிடும், மேலே வெட்டிக்கொண்டு கேட்பது ஃப்ரை. கேஎல்லில் பாதி பேண்டுகள் மாதிரி பேஸ் ஆள் கிடைக்காமல் ஓட்டுகிறீர்கள் என்றால் ஃபால்ஸ் கார்டே எடுங்கள், அடியில் இருக்கும் ஓட்டையை அது கொஞ்சம் அடைக்கும்.