பில்லில் இருந்த தெர்மோஸ்டாட் எஞ்சினில் இல்லை

நெரிசலில் நிற்கும்போது மட்டும் வண்டியின் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "தெர்மோஸ்டாட் ஜாம் சார், புதுசு போட்டாச்சு" என்றார்கள். எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. பில்லில் பாகத்துக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி. கழற்றிய பழையதைக் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதன்பிறகு முள் பாதிக்குக்கூட வரவில்லை. வேகமாகப் போனால் இன்னும் கீழே இறங்கியது. சூடே ஆகாத வண்டி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டது வேறு கதை! மைலேஜ் குறைந்தது, அப்புறம் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0128 என்ற கோளாறுக் குறியீடு. கூலண்ட் போதுமான சூட்டை எட்டவில்லை என்று அர்த்தம். அவர்களிடம் காட்டினால், "ஹீட் ஆகலன்னா நல்லதுதானே சார்?"

சரி, மட்டமான பாகம் போட்டுவிட்டார்கள் போல என்று நல்லதாக ஒன்று வாங்கி, வீட்டிலேயே மாற்ற உட்கார்ந்தேன். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு (சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்) கூலண்டை வடித்து, தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங்கைக் கழற்றினேன். உள்ளே வெறும் ஓட்டை. கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் இல்லை, சுற்றிலும் சிலிக்கானை அப்பியிருந்தார்கள். பிய்ந்த துண்டுகள் எத்தனை ரேடியேட்டருக்குள் போயினவோ.

தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் கூலண்ட் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் போனது அப்படித்தான்.

புதியதை மாட்டும் முன் தெர்மாமீட்டரோடு வெந்நீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். 82 (டிகிரி செல்சியஸ்) என்று பொறித்திருந்தது, அந்தச் சூட்டுக்கு அருகில்தான் திறக்க ஆரம்பித்தது. ஸ்பிரிங் பக்கம் எஞ்சினுக்குள், காற்று போகும் சிறு ஓட்டை மேலே. கூலண்ட் ஊற்றிக் காற்றையும் வெளியேற்றினேன். முள் நடுவில் வந்து நின்றது.

அடுத்த நெரிசலிலேயே மறுபடி ஏறியது!

அப்போதுதான் உறைத்தது. ஓடும்போது சரியாக இருந்து, நின்றால் மட்டும் சூடேறினால் முதலில் பார்க்கவேண்டியது ரேடியேட்டர் ஃபேனை. அது சுற்றவே இல்லை, அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே போயிருந்தது. நல்ல தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டு, உண்மையான கோளாறை மறைத்திருக்கிறார்கள்.

உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று சந்தேகமா? ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், ஃபேனிடம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள். சில நிமிடம் குளிராக இருந்து, பிறகு சட்டென்று சூடானால் பெரும்பாலும் சரி. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கலாம், அல்லது இல்லவே இல்லை.

வெற்று ஹவுசிங்கைப் படமெடுத்துக்கொண்டு போனேன். "நிறையப் பேர் இப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார்கள். கொஞ்சம் குரலை உயர்த்தியதும் பாகத்தின் விலை திரும்பி வந்தது, கூலி வரவில்லை. என்னுடைய பழைய தெர்மோஸ்டாட் எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள்.