டோட்டா 2-இல் ஆக்ஸ்: முட்டி மோதும் நாயகர் எப்படி?
வால்வ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட டோட்டா 2 என்ற இரு அணிகள் மோதும் கணினி விளையாட்டில் எல்லா நாயகர்களும் (நாம் இயக்கும் பாத்திரங்கள்) இலவசம் என்பதால், நெருங்கி மோதும் ஆட்டத்தைக் கற்க விரும்புவோர் காசு செலவழிக்காமலே ஆக்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். சூழ்ந்து நிற்கும் எதிரிகளைத் தன்னையே தாக்கும்படி கட்டாயப்படுத்துவதும், அவர்கள் அடிக்க அடிக்கக் கோடரியைச் சுழற்றிப் பதிலடி கொடுப்பதும், உயிர் குறைந்தவரை ஒரே வெட்டில் வீழ்த்துவதும் ஒன்றோடொன்று அருமையாகப் பொருந்துகின்றன. ஆனால் ஆட்டத்துக்குள் ஈட்டும் 2,250 பொன்னுக்கு, சட்டென்று சிறிது தூரம் தாவ உதவும் பிளிங்க் டாகர் என்ற பொருளை வாங்கும் வரை இவர் நடந்தே நெருங்க வேண்டியிருப்பதால், தொலைவிலிருந்து தாக்குவோரிடம் படாத பாடு படுவார். வாங்கிய பிறகும் அவசரம் கூடாது; எதிரி நாயகரின் ஓர் அடி பட்டாலே அது மூன்று நொடி இயங்காது என்பதால், மரங்களின் மறைவில் காத்திருந்து, எதிரணியினர் ஒன்றுகூடும் கணத்தில் பாய்வதே சரி. தோழர்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறார்களா என்று வரைபடத்தைப் பாராமல் பாய்பவர்களுக்கு, என் கணிப்பில், இவர் ஏற்றவர் அல்லர்.