இந்திய விதைப் பொதி: 3,850 ரூபாய்க்கு வாங்கிய கடுகும் வெந்தயமும்

ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். முகநூல் விளம்பரத்தை நம்பி "இந்திய வீட்டுத்தோட்ட விதைப் பொதி" வாங்கி ஏமாந்துபோனேன். 20 வகை மரக்கறி, 5 வகை மூலிகை, விலை 3,850 ரூபாய். பணத்தை முதலில் வங்கியில் போடச் சொன்னார்கள். போட்டேன்.

ஆசை வந்தது சித்தியால். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் இந்தியா போன குடும்பம், இப்போது நீலகிரி மலையில் கோத்தகிரியில் இருக்கிறார். வீடியோவில் பேசும்போதெல்லாம் வீட்டுப் பின்புறத்தைக் காட்டுவார்: வெந்தயக்கீரை, மல்லி, புதினா, அவரைப் பந்தல். அங்கேயும் இதே குளிர், இதே தேயிலை மண்தானே என்று நினைத்தேன். விளம்பரப் படத்தில் இருந்ததோ ஒரு மொட்டைமாடி, பின்னால் குலை தள்ளிய தென்னை. தென்னை காய்ப்பது சூடான ஊரில்தானே, அதைப் பார்த்தபோதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

கொரியரில் வந்தவை சின்னச் சின்னப் பொலித்தீன் பைகள். உள்ளே துண்டுக் காகிதத்தில் பேனாவால் எழுதிய பெயர், அவ்வளவுதான். வெண்டி விதை மட்டும் ரோஸ் நிறம், விரலில் ஒட்டியது. மருந்து பூசிய விதை போலிருக்கிறது என்று கையைக் கழுவிக்கொண்டு ஊன்றினேன். பெப்ரவரி மாதம், நல்ல வெயில். நம் மண் புளிப்பு என்பதால் மாட்டெருவோடு டொலமைட்டும் கலந்திருந்தேன். குறை வைக்கவில்லை.

மூன்று வாரம் பார்த்தேன். வெண்டி, கத்தரி, பீர்க்கு, பாகல் எதுவும் தலைகாட்டவில்லை. ஒழுங்காக முளைத்தவை மல்லி, வெந்தயம், கடுகு. மூன்றும் எங்கள் அடுப்படி டப்பாக்களில் இருக்கிறவை! சந்தேகம் வந்து, டப்பா மல்லியை உள்ளங்கையில் தேய்த்து இரண்டாகப் பிளந்து பக்கத்திலேயே தூவினேன். அது இவர்களுடையதைவிட அடர்த்தியாக வந்தது. துளசி என்று எழுதிய பையில் கறுப்பு விதை. தண்ணீர் பட்டதும் வழுவழுவென்று ஊதிவிட்டது. "அம்மா, இது பலூடாவில் போடுற கசகசா" என்று மகள் சிரித்தாள். சொன்னபடியே கசகசாச் செடியான திருநீற்றுப்பச்சைதான் முளைத்தது.

விற்றவர்களிடம் கேட்டால், "உங்கள் ஊர் குளிர், அதுதான்" என்று பதில். அதில் பாதி உண்மை. வெண்டிக்கும் பாகலுக்கும் சூடு வேண்டும், நாலாயிரம் அடிக்கு மேலே அவற்றை வளர்ப்பது மல்லுக்கட்டுத்தான். ஆனால் விளம்பரத்தில் "எந்தக் காலநிலைக்கும் ஏற்றது" என்றல்லவா போட்டிருந்தார்கள்? சரி, சூட்டிலேயே பார்ப்போம் என்று மிச்சமிருந்த வெண்டி விதையில் இருபதை வவுனியாவிலுள்ள தம்பிக்கு அனுப்பினேன். அந்த வெக்கையிலும் இரண்டுதான் முளைத்தன. அந்தப் படத்தை அவர்களுக்கு அனுப்பினேன். அன்றே என்னைப் புளொக் பண்ணிவிட்டார்கள்.

சித்தியிடம் சொன்னதற்கு, "ஏம்மா, லேபிள் இல்லாமலா விதை வாங்குவாங்க?" என்று திட்டு. அங்கே விதைச் சட்டம் 1966லேயே வந்துவிட்டது. முறையான பாக்கெட்டில் லாட் எண், பரிசோதித்த தேதி, எதுவரை செல்லும், முளைப்புத்திறன் எத்தனை வீதம் எல்லாம் அச்சிட்டிருக்கும். வெண்டிக்குக் குறைந்தது 65 வீதமாவது முளைக்க வேண்டுமாம். என் பைகளில் ஊர் பெயர்கூட இல்லை. வெளிநாட்டு விதையை இங்கே இறக்க அனுமதிப்பத்திரமும் வேண்டும். இவை இந்தியாவிலிருந்து வந்தவை என்பதே எனக்கு இப்போது சந்தேகம்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 தொலைபேசி எண்ணுக்குச் சொல்லலாம் என்றான் மகன். என்னிடம் பற்றுச்சீட்டும் இல்லை, விற்றவர் விலாசமும் இல்லை. ஆகவே முன்பணம் கட்டுமுன் இரண்டையும் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி, சூடான இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் வைத்துப் பாருங்கள். எந்த விதை எந்த உயரத்துக்குச் சரிவரும் என்று தெரியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 எண்ணுக்கு எடுத்துக் கேட்கலாம். நான் பணம் கட்டிய பிறகுதான் கேட்டேன்.

போன வாரம் அதே மொட்டைமாடி, அதே தென்னை, வேறொரு பெயரில் விளம்பரம் வந்திருக்கிறது. இப்போது விலை 4,500.